எட்டாவது வாரத்தில் எதுவும் தெரியாது

போனில் விலை கேட்காதீர்கள்.
முதல் வாக்கியத்தில் விலை கேட்பவர்களிடம்
குட்டி இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டது.
இருக்கிறது. மூன்று.
மேலமடை தாண்டி, ரைஸ்மில் சந்து, பச்சை கேட்.
மின்னல்கொடி வீடு என்றால் யாருக்கும் தெரியாது,
நாய்க்காரம்மா என்று கேளுங்கள்.
நேற்று வேறொரு குட்டியைத் தொட்டிருந்தால்
இன்று வரவே வேண்டாம்.

டாய் டெரியர் என்றால்
கைப்பையில் போட்டுக்கொள்ளும் பொம்மையென்று
யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
எலி பிடிக்கப் பிறந்தது அது.
கீழமாசி வீதி பருப்பு மண்டியில் விட்டுப் பாருங்கள்,
அங்கே பெருச்சாளி கிட்டத்தட்ட இதன் கனம்.
இதற்கு அது தெரியாது.
அந்தத் தெரியாமைக்குத்தான் மார்க் போடுகிறார்கள்.

குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள்.
புதுக் குரல் கேட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிகிறவளின் பிள்ளை
மைதானத்தில் மைக் கரகரத்ததும்
வாலைச் செருகிக்கொள்ளும்.
ஓடும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி
ரெண்டு எட்டு நொண்டிவிட்டு மறுபடி சரியானால்
'விளையாடுது' என்பார்கள்.
முட்டிச்சில்லு நழுவுகிறது. டாக்டரிடம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.
ஆண் என்றால் கீழே இரண்டும் இறங்கியிருக்கிறதா பாருங்கள்,
வெட்கப்படாதீர்கள்,
நடுவர் ஊர் முன்னால் பார்ப்பார்.
சான்றிதழ் அப்புறம் வரும் என்றால்
நாயும் அப்புறமே வரட்டும்.

எட்டு வாரக் குட்டியின் நெற்றியில்
ஷோ குவாலிட்டி என்று ஒட்டுகிறவன்
ஜோசியம் பார்க்கிறான்.

நானும் பார்த்தேன்.

இரண்டு வருடம் முன், சித்திரையில்,
கரண்ட் போன மதியம்
ஈரச் சாக்கின் மேல் நான்கு குட்டிகள்.
கழுத்து நீண்டவனை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.
கன்னம் தடித்தவள் ஒருத்தியை
ஆரப்பாளையம் லேத் பட்டறை சோணைமுத்துவுக்கு
மூவாயிரத்துக்குக் கொடுத்தேன். பேப்பர் ஏதும் எழுதவில்லை.

ஐந்தாம் மாதம் இவனுக்குப் பால்பல் விழுந்தது.
முளைத்தபோது கீழ்வரிசை
ஒரு நூல் முன்னால் நின்றது.
ஒரு நூல்தான்.
தினமும் காலையில் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்,
பின்வாங்கிவிடும் என்று.
இப்போது என் காலடியில் தூங்குகிறான்.
அந்த வேலையில் அவனுக்குக் குறை சொல்ல முடியாது.

போன மாதம் கேட் கீல் கடையப் பட்டறைக்குப் போனேன்.
இரும்புத்தூள் படிந்த மேடைமேல் அவள் நின்றாள்.
யாரும் நிறுத்தவில்லை.
நான்கு காலும் அதனதன் இடத்தில்,
விரல்மேல் கரும் பென்சில் கோடு அழியாமல்,
இடுப்பருகே லேசாக எழும்பி வாலில் இறங்குகிற
அந்த முதுகு.
இருபது வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்த முதுகு.
கன்னம் எப்போது வற்றியது?
பெயர் கேட்டேன். நட்டு, என்றார்.
'ஆறு மாசத்துலயே ஆபரேஷன் பண்ணிட்டேன்மா,
தெருநாய்த் தொல்லை.'
நல்லது செஞ்சீங்க, என்றேன்.
கீலை வாங்கிக்கொள்ள மறந்து
சிம்மக்கல் வரை வந்துவிட்டேன்.

எங்கேயாவது ஷோ நடந்தால்
முதல் தடவை நாய் இல்லாமல் போங்கள்.
ஒரு மடக்கு நாற்காலி, ரெண்டு பாட்டில் தண்ணீர்.
தோற்றவர்கள் பந்தலில் உட்காருங்கள்,
ஜெயித்தவர்களுக்குப் பேச நேரம் இருக்காது.
தோற்கிற நாயோடு பதினான்கு வருடம் குடித்தனம் நடக்குமா என்று
வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிறகு வாருங்கள்.
விலையை நேரில் சொல்கிறேன்,
கோபம் வரும், எனக்கும் வந்தது.
ஞாயிறு மட்டும் வேண்டாம்.
ஞாயிறு நகம் வெட்டுகிற நாள்,
வீடே ரணகளம்.